ஒரு வட்டாரத்துக்கு நடைத்தடங்கள்: பாதை தேடுவது முதல் பராமரிப்பு வரை முழுமையான வழிகாட்டி

நாங்கள் முதன்முதலில் போட்ட பாதை ஒன்றரை கிலோமீட்டர்தான். கோடை வெயிலில் ஆறு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டி பிடித்து முடித்தோம். அகலமாக, நேராக, போட்டோவுக்கு நன்றாக இருந்தது. அந்த டிசம்பரில் போய்ப் பார்த்தால் பாதை இருந்த இடத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஓர் ஓடை. இரண்டு பக்கமும் வேர்கள் தொங்கிக்கொண்டிருந்தன. அதே சரிவில் நூறு அடி தள்ளி, ஊர் மாடுகள் மேய்ச்சலுக்குப் போய்வரும் பழைய தடம் ஒரு கீறல் இல்லாமல் கிடந்தது. அதை யார் போட்டார்கள் என்று ஊரில் யாருக்கும் தெரியாது.

கீழே சொல்லப்போவது எல்லாமே அந்த மாட்டுத்தடத்திலிருந்து கற்றுக்கொண்டதுதான். மலையடிவார ஊர் ஒன்றில் இளைஞர் குழுவோ, பஞ்சாயத்தோ, நடைப்பிரியர் சங்கமோ நாலைந்து ஊர்களை இணைத்து நடைத்தடங்கள் அமைக்க நினைத்தால் எங்கே தொடங்குவது, எதில் பணம் போடுவது, எதில் போடக்கூடாது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: புதிதாக எதையும் வெட்டாதீர்கள், இருப்பதை நடந்து பாருங்கள்

நம் மலைகளில் பாதைக்குப் பஞ்சமே இல்லை. மோட்டார் சாலை வருவதற்கு முன்பு கொடைக்கானலுக்குப் பெரியகுளம் பக்கமிருந்து குதிரையிலும் டோலியிலும்தான் ஏறினார்கள். கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக வட்டக்கானல் போகும் பாதையில் இன்றும் ஆள் நடக்கிறார்கள். பழனிக்குப் பாதயாத்திரை, சதுரகிரி, வெள்ளியங்கிரி என்று பக்தர்கள் நடந்து தேய்த்த வழிகள் வேறு. பழைய பெருவழிகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தலைச்சுமையை அடுத்தவர் கை இல்லாமல் இறக்கிவைத்து ஏற்றிக்கொள்ள வசதியாக, ஆள் தோள் உயரத்தில் போட்ட கல். அது நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் ஆள் நடமாட்டம் இருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இலங்கையின் பீக்கோ டிரெயில் இதற்கு நல்ல உதாரணம். கண்டிக்கு அருகில் ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதை, 22 கட்டங்கள். அதில் பெரும்பகுதி புதிதாக வெட்டியதில்லை. வெள்ளைக்காரத் துரைமார் தோட்டத்துக்குத் தோட்டம் குதிரையில் போகவும், கொழுந்தும் தேயிலையும் சுமந்து போகவும் போடப்பட்ட பழைய வழிகள்தான். 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் வணிகத் தேயிலையைத் தொடங்கிய லூல்கந்துர தோட்டம் வழியாகவும் அது போகிறது. அந்தப் பாதைகளை வெட்டியதும் சுமந்து நடந்ததும் தமிழகத்திலிருந்து போன மலையகத் தமிழர்களின் முன்னோர். இன்றும் லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் நடப்பது அதே தடங்களில்தான்.

சரி, உங்கள் ஊரில் இதை எப்படித் தேடுவது? மூன்று இடங்கள். முதலாவது, ஆடு மாடு மேய்ப்பவர்கள். டீக்கடையில் உட்கார்ந்து கேட்டால் சொல்ல மாட்டார்கள்; கூட நடந்தால் சொல்வார்கள். இரண்டாவது, கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் புலப்படமும் கிராம வரைபடமும். இப்போது முள்மண்டிக் கிடக்கும் வண்டிப்பாதைகூட அதில் புறம்போக்காகப் பதிவாகியிருக்கலாம். மூன்றாவது, கைபேசியில் தடம் பதியும் செயலி ஒன்று. நடந்த ஒவ்வொரு வழியையும் பதிந்து, ஒரே வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். இரண்டு மாதம் நடந்தால் உங்கள் வலைப்பின்னலில் முக்கால்வாசி ஏற்கெனவே தரையில் இருப்பது தெரியவரும்.

ஒரு எச்சரிக்கை. தெரிந்த பாதையையெல்லாம் வரைபடத்தில் ஏற்றக்கூடாது. தேன் எடுக்கப் போகிற வழி, குலசாமி கோயிலுக்கு அந்தக் குடிகள் மட்டும் போகிற வழி, யானை தண்ணீருக்கு இறங்குகிற வழி இவற்றைத் தெரிந்துவைத்திருங்கள், வெளியில் போடாதீர்கள். பழனி மலையில் பளியர் பழங்குடியினரோ, தேனிப் பக்கம் முதுவர் பழங்குடியினரோ உங்களை நம்பி ஒரு பாதையைக் காட்டினால், அதைச் செயலியில் பொதுவில் ஏற்றியது தெரிந்த மறுநாள் அடுத்த பாதையைக் காட்ட மாட்டார்கள். அதில் தப்பும் இல்லை.

இரண்டாம் படி: நிலம் யாருடையது

சலிப்பான வேலை, ஆனால் இதைத் தாண்டாமல் மண்வெட்டியைத் தொடக்கூடாது. பாதை முழுவதையும் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் எதிரே உரிமையாளரை எழுதுங்கள்: பட்டா, வருவாய்த்துறைப் புறம்போக்கு, கோயில் நிலம், எஸ்டேட், காப்புக்காடு.

பட்டா நிலத்துக்கு வாய்ச்சொல் போதாது. "வாங்க, போங்க, நம்ம பசங்கதானே" என்று அப்பா சொல்லியிருப்பார். மகன் வெளிநாட்டிலிருந்து வந்து கம்பிவேலி போடுவார். என்ன அகலம், எந்த மாதங்கள், நாய் கூட்டிவரலாமா, வேலிக்கதவை யார் சாத்துவது என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நில உரிமை மாறாது என்ற வரி அதில் கட்டாயம் இருக்கட்டும். மறுப்பவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பயம்தான்.

காப்புக்காடு என்றால் வனத்துறையின் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேரும். பழங்குடிக் குடியிருப்புகள் இருந்தால் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி கிராம சபைக்கும் கருத்துச் சொல்ல உரிமை உண்டு. அவர்களைக் கடைசியில் போய்ப் பார்க்காமல் முதலில் போய்ப் பாருங்கள். தமிழ்நாட்டில் காட்டுக்குள் புதிதாக ஒரு பாதை திறக்க நீங்களாகப் போராடுவதைவிட, ஏற்கெனவே இருக்கும் அரசு ஏற்பாட்டோடு இணைவது சுலபம். 2024 அக்டோபரில் தொடங்கிய 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் இருக்கின்றன. ஆன்லைனில் பதிவு செய்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு போகவேண்டும். அந்தப் பாதை தொடங்கும் ஊர் வரைக்கும், முடியும் ஊரிலிருந்து அடுத்த ஊர் வரைக்கும் காட்டுக்கு வெளியே உள்ள இணைப்புத் தடங்கள் உங்கள் வேலை. என் கணக்கில் ஒரு வட்டாரக் குழுவுக்கு அதுவே பத்து வருட வேலை.

மூன்றாம் படி: வலைப்பின்னலின் உருவம்

நீளமான ஒற்றைப் பாதைமேல் எல்லோருக்கும் ஆசை. அமெரிக்காவின் அப்பலாச்சியன் டிரெயில் மாதிரி 3,500 கிலோமீட்டர், 14 மாநிலங்கள் என்று சொல்லிக்கொள்ள நன்றாகத்தான் இருக்கும். ஆனால் முழுதாக நடப்பவர்கள் கொஞ்சம் பேர். பெரும்பாலானோர் காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள். அவர்களுக்கு வேண்டியது வளையம், அதாவது புறப்பட்ட இடத்துக்கே வேறு வழியில் திரும்பிவருவது.

பேருந்து நிற்கும் ஓர் ஊரை வாசலாக வையுங்கள். அங்கிருந்து 3 கிலோமீட்டர் வளையம் ஒன்று, குழந்தைகளும் தாத்தா பாட்டியும் போக. அதன் தொலைதூர முனையிலிருந்து கிளம்பி 8 கிலோமீட்டர் வளையம். அதிலிருந்து அடுத்த ஊர் வாசலுக்கு ஓர் இணைப்பு. இப்படி அடுக்கினால் கூட்டம் தானாகவே சல்லடையில் சலித்ததுபோலப் பிரிந்துவிடும். முதல் வளையத்தில் நூறு பேர் இருந்தாலும் மூன்றாவதில் பத்துப் பேர்தான் இருப்பார்கள்.

நேரக் கணக்குக்கு 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன சூத்திரம் இன்னும் உதவுகிறது: சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி. நம் வெயிலுக்கும் செல்பிக்கும் சேர்த்து அதை ஒன்றரையால் பெருக்கிப் பலகையில் எழுதுங்கள்.

நான்காம் படி: பாதையின் எதிரி தண்ணீர்

இங்கேதான் நாங்கள் அடிவாங்கினோம். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

நாங்கள் போட்ட பாதை சரிவில் நேராக மேலே ஏறியது. மழைநீரும் கீழே இறங்க அதே நேர்வழியைத்தான் தேடும். பாதையும் தண்ணீரும் ஒரே வழியில் போனால் தண்ணீர்தான் ஜெயிக்கும். மாடு அப்படி ஏறாது. அது சரிவைக் குறுக்காக வெட்டிக்கொண்டு, மூச்சு வாங்காத வாட்டத்தில் போகும். தண்ணீர் அந்தத் தடத்தைக் கடந்து போகுமே தவிர, தடத்தோடு ஓடாது.

இதற்கு உலகம் முழுக்கப் பாதை போடுபவர்கள் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது. பாதையின் ஏற்றம் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. சரிவு மீட்டருக்கு 40 செ.மீ. ஏறினால், பாதை 20 செ.மீ.க்குள். சரிவே மீட்டருக்கு 12 செ.மீ. என்றால் பாதை 6-ஐத் தாண்டக்கூடாது. மெதுவான சரிவுதானே என்று நேராக ஏற்றுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. அதற்கு மேல் ஒரு பொது வரம்பு: முழுப் பாதையின் சராசரி ஏற்றம் நூற்றுக்குப் பத்துக்குள் இருக்கட்டும்.

இதை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மூன்று மூங்கில் கம்புகளை ஆங்கில 'ஏ' எழுத்து மாதிரி கட்டுங்கள். இரண்டு கால்களுக்கும் நடுவே சரியாக 2 மீட்டர். உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லை, கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி, தொங்கவிடுங்கள். ரசமட்டம் வைத்துச் சமம் பார்த்த தரையில் அதை நிறுத்தி, குறுக்குக் கம்பில் கயிறு தொடும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். அப்புறம் ஒரு காலுக்கு அடியில் 20 செ.மீ. கட்டை வைத்து, கயிறு நகர்ந்த இடத்தில் இன்னொரு கோடு. 2 மீட்டருக்கு 20 செ.மீ. என்றால் நூற்றுக்குப் பத்து. இனிமேல் சரிவில் ஒரு காலை ஊன்றி, மற்ற காலை முன்னே வைத்து, கயிறு அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிற்கும்படி தேடிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு அடியிலும் ஒரு குச்சி நடுங்கள். மாலையில் திரும்பிப் பார்த்தால் குச்சிகள் சரிவில் வளைந்து வளைந்து போகும். அதுதான் பாதை. எங்கள் குழுவில் இந்தக் கம்பை ஒரு எட்டாம் வகுப்புப் பையன் என்னைவிட வேகமாகப் பிடிப்பான்.

வெட்டும்போது கவனிக்க இரண்டு விஷயம். பாதையின் வெளிவிளிம்பு உள்விளிம்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும். மூன்றடிப் பாதைக்கு நாலைந்து செ.மீ. போதும், தண்ணீர் குறுக்கே வழிந்து போய்விடும். இரண்டாவது, ஏறிக்கொண்டே போகும் பாதை சுமார் 15 மீட்டருக்கு ஒருமுறை சில அடி தூரம் இறங்கி மறுபடி ஏறட்டும். நடப்பவருக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் பாதையோடு ஓடிவரும் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் வெளியேறிவிடும். தேயிலைத் தோட்டக்காரர்கள் 'கான்' (தண்ணீர் வடியும் வாய்க்கால்) வெட்டுவதில் கைதேர்ந்தவர்கள். வேலை தெரிந்த ஒரு பெரியவரைக் கூலி கொடுத்துக் கூட்டிவாருங்கள். பொறியாளர் அறிக்கையைவிட அது மலிவு, பயனும் அதிகம்.

கொண்டை ஊசி வளைவுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். தவிர்க்க முடியாத இடத்தில், மேல்பாதையிலிருந்து கீழ்ப்பாதை கண்ணில் படாதபடி பாறையையோ புதரையோ நடுவில் விட்டு வளையுங்கள். கீழே வழி தெரிந்தால் நம் ஆட்கள் குறுக்கே இறங்காமல் இருக்க மாட்டார்கள்.

சிமெண்ட் வேண்டாம். யாராவது நன்கொடையாகக் கொடுத்தாலும் வேண்டாம். செங்குத்தான இடத்தில் உள்ளூர்க் கல்லைப் பதித்துப் படி வையுங்கள். கல்லின் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: வழிகாட்டும் அடையாளங்கள்

ஸ்பெயினில் சாந்தியாகோ யாத்திரைப் பாதை கிட்டத்தட்ட மறந்துபோயிருந்த காலத்தில், ஓ செப்ரேரோ என்ற மலைக்கிராமத்துப் பாதிரியார் எலியாஸ் வலீஞா, 1984-இல் சாலை வேலையில் மிஞ்சிய மஞ்சள் பெயிண்டை வாங்கிக் காரில் போட்டுக்கொண்டு, திருப்பத்துக்குத் திருப்பம் அம்புக்குறி வரைந்துகொண்டே போனார். இன்றும் லட்சக்கணக்கானவர்கள் அந்த மஞ்சள் அம்பைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள். அதில் நடந்துவிட்டு வந்த தென்கொரியப் பத்திரிகையாளர் சோ மியுங்-சுக், தன் சொந்தத் தீவான ஜேஜுவில் 2007-இல் 'ஒல்லே' பாதைகளைத் தொடங்கினார். தெருவிலிருந்து வீட்டு வாசலுக்குப் போகும் சந்துக்கு ஜேஜு மொழியில் ஒல்லே என்று பெயர். அங்கே அடையாளம் நீலமும் ஆரஞ்சும் கலந்த ரிப்பன். 400 கிலோமீட்டருக்கு மேல் தீவைச் சுற்றிவிட்டது.

பெரிய பலகைகள் இரண்டு மூன்று போதும், வாசல்களில் மட்டும். உள்ளே சின்ன அடையாளம்தான் வேலை செய்யும். அப்பலாச்சியன் பாதையில் 2 அங்குல அகலம், 6 அங்குல உயரத்தில் ஒரு வெள்ளைப் பட்டை. இரண்டு பட்டை அடுத்தடுத்து இருந்தால் திருப்பம் வருகிறது என்று பொருள். மரத்தில் ஆணி அடிக்காதீர்கள். கல்லிலோ நட்ட கம்பத்திலோ பெயிண்ட் பூசுங்கள். ஓர் அடையாளத்திலிருந்து பார்த்தால் அடுத்தது தெரியவேண்டும். ஊருக்குப் புதியவர் ஒருவரைத் தனியே அனுப்பி, பின்னால் நூறு அடி தள்ளி நடந்து, அவர் தயங்குகிற இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அரை கிலோமீட்டருக்கு ஒரு கம்பத்தில் எண் எழுதுங்கள். 108-ஐ அழைப்பவர் "ஒரு பெரிய பாறை பக்கத்துல இருக்கோம்" என்று சொன்னால் யாரால் வரமுடியும்? "நாலாம் தடம், 12-ஆம் கம்பம்" என்றால் உங்கள் ஊர்ப் பையன்களே முதலில் ஓடிப்போய்ச் சேர்ந்துவிடுவார்கள். எந்த எண் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் காவல் நிலையத்திலும், தீயணைப்பு நிலையத்திலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கட்டும்.

ஆறாம் படி: எப்போது மூடுவது

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த ஆண்டே தமிழக அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிமுறைகள் கொண்டுவந்தது. பாதை போடுகிற எவரும் குரங்கணியை நினைக்காமல் மார்ச் மாத நாள்காட்டியைத் திருப்பக்கூடாது. காய்ந்த புல் மூடிய சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும். மேலே ஓடித் தப்ப முடியாது.

ஆகவே மூடும் தேதியைத் திறக்கும் தேதிக்கு முன்பே முடிவு செய்யுங்கள். புல்வெளிச் சரிவுகளை பிப்ரவரி நடுவிலிருந்து கோடை மழை வரை மூடிவையுங்கள். அந்த மாதங்களில் வயல்வரப்பு, கண்மாய்க்கரை, ஆற்றோரத் தடங்கள் மட்டும். கனமழை எச்சரிக்கை வந்த நாட்களில் ஓடை கடக்கும் பாதைகளும் கிடையாது. மாலை நாலு மணிக்கு மேல் யாரும் உள்ளே நுழையக்கூடாது. காட்டெருமையும் கரடியும் அப்போதுதான் இறங்கும். இதற்கெல்லாம் வாசலில் ஒரு நோட்டும் ஓர் ஆளும் போதும். உள்ளே போனவர் பெயர், எண்ணிக்கை, திரும்பிய நேரம். மாலையில் ஒரு வரி காலியாக இருந்தால், தேட ஆள் கிளம்பவேண்டும்.

ஏழாம் படி: பணமும் ஊரும்

வெளிநாட்டு உதவியோ கம்பெனிகளின் சமூகப்பொறுப்பு நிதியோ பாதை போடக் கிடைக்கும், பராமரிக்கக் கிடைக்காது. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டலாம். ஜனவரியில் கான் தூர்வாரியதற்கு ரிப்பன் இல்லையே. பீக்கோ டிரெயிலுக்கு ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டும் உதவின. அந்த யுஎஸ்எய்டே 2025-இல் இழுத்து மூடப்பட்டது. எவ்வளவு பெரிய கை கொடுத்தாலும் நாளைக்கு இருக்குமா என்பது நம் கையில் இல்லை. கிடைக்கும் முதல் தொகையில் பத்துக்கு மூன்று பங்கை வங்கியில் போட்டுவிட்டு, மீதிக்கு எவ்வளவு தூரம் போடமுடியுமோ அவ்வளவுதான் போடுங்கள் என்பது என் பிடிவாதம். எங்கள் குழுவிலேயே இதற்கு எதிர்ப்பு உண்டு.

ஊருக்கு வருமானம் வராத பாதையை ஊர் காக்காது. சாப்பாடு மகளிர் சுயஉதவிக் குழு மூலம், வழிகாட்டி உள்ளூர் ஆள், தங்க நாலைந்து வீட்டுத் திண்ணைகளும் அறைகளும். பாதயாத்திரைக் காலத்தில் வழிநெடுக மோர் கொடுக்கிற ஊர்கள் நம்முடையவை. அந்தப் பழக்கத்தின்மேல் ஒரு சின்னக் கட்டணத்தை வைப்பது கடினமில்லை. முறைவைத்துக் கொடுங்கள். பாதை ஆரம்பிக்கும் வீட்டுக்காரர் மட்டும் சம்பாதித்தால் இரண்டாம் மாதமே அடையாளக் கம்பங்கள் காணாமல் போகும். இது அனுபவத்தில் சொல்வது.

எட்டாம் படி: துண்டு துண்டாகத் தத்துக் கொடுங்கள்

1921-இல் பென்டன் மெக்கே என்பவர் அப்பலாச்சியன் பாதை யோசனையை எழுதினார்; 1937-இல் பாதை முழுமையானது. இன்றுவரை அது உயிரோடு இருப்பதற்குக் காரணம் சுமார் 30 உள்ளூர்ச் சங்கங்கள். ஒவ்வொரு சங்கத்துக்கும் 'எங்கள் பகுதி' என்று ஒரு துண்டு. தன்னார்வலர்கள் வந்து வெட்டித் திருத்திவிட்டுப் போகிறார்கள். அதையே சின்ன அளவில் செய்யலாம். 2 கிலோமீட்டருக்கு ஒரு பொறுப்பாளர்: ஒரு பள்ளியின் நாட்டு நலப்பணித் திட்ட அணி, ஒரு கிரிக்கெட் குழு, ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார்.

வேலை வருடத்துக்கு நாலு நடை. வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியில் பெரிய நடை: கான்களில் அடைந்த மண்ணை வாரி, உயர்ந்துவிட்ட வெளிவிளிம்பை வெட்டித் தாழ்த்துவது. பிப்ரவரியில் பாதையோரக் காய்ந்த புல்லை அறுப்பது. ஜூனுக்கு முன் விழுந்த மரங்கள். அக்டோபருக்கு முன் அடையாளப் பெயிண்ட். மழை கொட்டும்போதே ஒருமுறை குடையோடு போய்ப் பாருங்கள். தண்ணீர் எங்கே பாதைக்குள் நுழைகிறது என்பது அந்த அரைமணி நேரத்தில் தெரிவதுபோல வேறெப்போதும் தெரியாது.

சில துண்டுகளை மூடத்தான் வேண்டியிருக்கும். எங்கள் ஒன்றரை கிலோமீட்டரையும் கடைசியில் மூடினோம். முதலில் முள்ளை வெட்டிப் போட்டோம்; ஒரே வாரத்தில் யாரோ ஒதுக்கிவிட்டு நடந்தார்கள். 'வழி இல்லை' என்று பலகை வைத்தோம். அதைப் பார்த்ததுமே வழி இருக்கிறது என்று தெரிந்துகொண்டார்கள். பிறகு ஓடையான பகுதியில் குறுக்கே கல் அடுக்கித் தண்ணீரை மறித்தோம். நுழைவாயிலில் இருந்து முதல் 20 அடிக்கு மண்ணைக் கொத்தி, சருகைப் பரப்பி, பக்கத்துப் புதரிலிருந்து கிளை ஒடித்து நட்டு, பாதை இருந்த தடயமே தெரியாமல் செய்தோம். அப்புறம் ஒருவரும் அதற்குள் போகவில்லை.